அடி வாங்குவதா என் சிலுவை?

கேள்வி: என் கணவர் தினமும் குடித்துவிட்டு வந்து பிள்ளை எதிரிலேயே அடிக்கிறார். சபையில் ஒரு மூத்த அம்மாவிடம் சொல்லி அழுதேன். "அது கர்த்தர் உனக்குக் கொடுத்த சிலுவை, சுமந்துதான் ஆகணும்" என்றார். சிலுவைக்கு இதுதான் அர்த்தமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இல்லவே இல்லைம்மா.

நான் ஆயராக ஊழியம் செய்த சபைகளில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன். அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனத்துக்கு முழங்கால்படியிடும்போது, வீங்கிய கன்னம் தெரியாமல் முந்தானையைக் காதுவரை இழுத்து விட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காயத்துக்குச் சிலுவை என்று பெயர் வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ரோமர் காலத்தில் சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்குமான மரண தண்டனை. குற்றவாளி குறுக்குமரத்தைச் சுமந்துகொண்டு ஊரார் பார்க்க நடக்க வேண்டும். 'தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்' என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்கள் கண்முன் வந்தது அந்தக் காட்சிதான். என்னைப் பின்பற்றினால் உயிரே போகலாம், அதற்கும் துணிந்து வா என்றார். புருஷனின் குடிவெறிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இயேசுவும் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள், விலகிப் போனார். எருசலேமில் கல்லை எடுத்தார்கள், மறைந்து வெளியேறினார். விசாரணையின்போது ஒரு சேவகன் அறைந்ததும், "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). சிலுவையையே பிரசங்கித்த பவுலும், சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று சட்டத்தைச் சொல்லித்தான் தப்பினார்.

"இயேசு சிலுவையில் மன்னித்தாரே" என்று உங்களிடம் சொல்வார்கள். மன்னித்தார், உண்மை. நீங்களும் ஒருநாள் மன்னிக்கலாம். அதற்காக உங்கள் கணவரின் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டியதில்லை.

அதே சிலுவையிலிருந்து இயேசு இன்னொன்றும் செய்தார். மூச்சு முட்டும் வேதனையிலும் தம் தாயை ஒரு சீடனிடம் ஒப்படைத்தார். அந்தச் சீடன் அவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டான். சிலுவையின் பெயரைச் சொல்லும் சபை உங்களுக்குச் செய்ய வேண்டியது அதுதான். அடிக்கிறவன் பக்கம் அல்ல, அடிபடுகிறவர் பக்கம் கடவுள் வந்து நின்றார் என்பதே நான் சிலுவையில் காண்பது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. 181 பெண்கள் உதவி எண்; எந்த நேரமும் பேசலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த வீட்டிலேயே குடியிருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வையுங்கள். இன்று ராத்திரியே கை ஓங்கினால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.