பட்டினிக்கா நோபல்?

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஆள் ஏற்கெனவே பாதியாக இளைத்துவிட்டார். இப்போது வாட்ஸப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பதினாறு மணி நேரம் பட்டினி இருந்தால் 'ஆட்டோஃபேஜி' நடந்து உடம்பே கட்டியைத் தின்றுவிடுமாம். இதற்குத்தான் ஜப்பான்காரருக்கு நோபல் கொடுத்தார்களாம். உண்மையா?

மீனா, ஈரோடு

அன்புள்ள மீனா,

முதலில் பெரியப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

சரி, நோபல். 2016இல் யோஷினோரி ஓசுமி வாங்கியது உண்மைதான். ஆனால் அவர் பட்டினி போட்டது ஈஸ்டை. அதுவும் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட். சில மணி நேரத்தில் அதன் வாக்குவோல் என்ற பைக்குள் குட்டி உருண்டைகள் சேர்ந்து துள்ளுவதை நுண்ணோக்கியில் பார்த்தார். செல் தன் சரக்கையே பொட்டலம் கட்டி உள்ளே அனுப்பியிருந்தது. செல் தன்னையே தின்னும் இந்த வேலைதான் ஆட்டோஃபேஜி. செரிமானம் நின்றதால்தான் தின்றது கண்ணில் பட்டது! பிறகு அந்த வேலைக்குத் தேவையான மரபணுக்களைத் தேடிப் பிடித்தார். பரிசு அந்த இயக்கத்தைக் கண்டறிந்ததற்கு. பதினாறு மணி நேரக் கணக்கு வீடியோக்காரருடையது.

ஈஸ்டுக்கு வாக்குவோல் என்றால் நமக்கு லைசோசோம். பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி துவே 1955இல் பெயர் வைத்த அமிலப் பை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானவை, உருக்குலைந்த புரதம் எல்லாம் அங்கே போய்க் கரைந்து, அமினோ அமிலமாகத் திரும்பிவரும். நல்ல செல்லில் இந்தத் துப்புரவு புற்றுநோய் முளைக்காமல் காக்க உதவுகிறது என்பதற்கு எலிகளில் ஆதாரம் உண்டு. வீடியோவில் இருக்கும் அரை உண்மை அதுதான்.

கட்டி வந்த பிறகு கதை மாறிவிடும். கணையக் கட்டி நார்த்திசுவுக்குள் புதைந்து, ரத்த ஓட்டம் குறைந்து, எப்போதும் அரைப்பட்டினியில் கிடப்பது. தன்னையே தின்று பிழைக்கும் வித்தை அதற்குத்தான் அதிகம் தேவை. அதனால் ஆய்வாளர்கள் ஆட்டோஃபேஜியைத் தூண்டப் பார்க்கவில்லை, அடைக்கத்தான் பார்க்கிறார்கள்.

அதற்குக் கையில் இருந்த மருந்து மலேரியா மாத்திரையின் உறவுக்காரன், ஹைட்ராக்சிகுளோரோகுயின். இது அமிலத்துக்கு எதிரான காரம். லைசோசோமுக்குள் நுழைந்து அங்கேயே மாட்டிக்கொண்டு அமிலத்தை மட்டுப்படுத்தும். பொட்டலங்கள் வந்து குவியும், செரிக்காது. ஓசுமியின் ஈஸ்ட் கதைதான் மறுபடியும்.

எலிகளில் நன்றாக வேலை செய்தது. மனிதர்களில்? 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பரவிய கணையப் புற்றுநோய் உள்ள 112 பேருக்குக் கீமோ கொடுத்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதையும் சேர்த்தார்கள். சேர்த்தவர்களில் 38 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, மற்றவர்களில் 21. ஆனால் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள், சேர்த்தவர்களில் 41 சதவீதம், மற்றவர்களில் 49. ஆயுள் கூடவில்லை. எனக்கு அந்த இரண்டு கணக்கும் ஒரே தாளில் இருப்பது இன்னும் உறுத்துகிறது. தாங்கக்கூடிய அளவில் கொடுத்தால் இந்த மாத்திரை லைசோசோமை முழுக்க முடக்குவதில்லை என்பது ஒரு விளக்கம். பென்சில்வேனியாவில் ரவி அமராவதியின் குழு, லைசோசோமில் இருக்கும் பிபிடி1 என்ற நொதியையே குறிவைத்து இதைவிட வீரியமான மூலக்கூறுகளை உருவாக்கியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பெரியப்பா மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பிவிடப் போகிறார்! அந்த மாத்திரை இதயத் துடிப்பைக் குழப்பும், நாள்பட்டால் விழித்திரையைக் கெடுக்கும்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. கணையம் கெட்டால் செரிமான நொதி குறையும், சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறதா என்று பெரியப்பாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் நொதி கேப்சூல் எழுதித் தருவார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வீண்.