அமெரிக்கப் பள்ளிகளில் இனவெறிப் பாடம்: முற்போக்குக் கிறிஸ்தவர்கள் ஏன் வேண்டும் என்கிறார்கள்?

"அமெரிக்காவில் பள்ளியில் இனவெறி பற்றிப் பாடம் எடுப்பதை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் சர்ச்சுக்குப் போகிறவர்களாகவே தெரிகிறார்களே, ஆதரிக்கிற கிறிஸ்தவர்களும் உண்டா? அவர்கள் பைபிளிலிருந்து என்ன நியாயம் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, நிறையவே உண்டு. யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட், எபிஸ்கோபல், லூத்தரன், மெதடிஸ்ட் சபைகளில் பல போதகர்கள் வெளிப்படையாகவே ஆதரிக்கிறார்கள். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் வளர்ந்தவன். இப்போது ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சித் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) இருக்கிறேன், ஒரு மெதடிஸ்ட் சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர்களுடைய முதல் நியாயம் ரொம்ப நேரடியானது. இனவெறியின் வரலாறு திருச்சபையின் சொந்த வரலாறு. 1844-இல் மெதடிஸ்ட் சபை இரண்டாக உடைந்ததற்குக் காரணம், ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆண்ட்ரு என்ற பிஷப் அடிமைகளை வைத்திருந்தது. அடுத்த வருடமே, அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற சண்டையில் பாப்டிஸ்டுகள் பிரிந்து, இதே மாநிலத்தின் அகஸ்டாவில் கூடி சதர்ன் பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கினார்கள். அந்தச் சபை அதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது 1995-இல். நூற்றைம்பது வருடம்! பிரசங்க பீடத்திலிருந்தே அடிமை முறைக்கு வசனம் காட்டியிருக்கும்போது, அதைப் பள்ளிப் பாடத்தில் பூசி மெழுகச் சொல்வது பொய்ச்சாட்சி சொல்வதற்குச் சமம் என்கிறார்கள் இவர்கள்.

வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகத்தில் 2018-இல் ஒரு புத்தகத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். பிரிட்டனின் கரீபியத் தீவுகளில் இருந்த அடிமைகளுக்காக 1807-இல் லண்டனில் அச்சிட்ட பைபிள் அது. பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியே அதில் இல்லை. யோசேப்பு எகிப்துக்கு விற்கப்பட்ட கதை இருக்கிறது, ஆனால் மோசே ஜனங்களை எகிப்திலிருந்து மீட்டு வந்த கதை இல்லை. எஜமான்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் வசனம் இருக்கிறது. "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" என்ற கலாத்தியர் வசனத்தை எடுத்துவிட்டார்கள். யாருக்கு எது தெரியக்கூடாது என்று முடிவுசெய்து வேதத்தையே வெட்டியிருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் எதை விடலாம் என்று இன்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பைபிள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

எதிர்த்தரப்பு சும்மா பேசவில்லை, அவர்களுக்கும் வசனம் இருக்கிறது. எசேக்கியேல் 18: தகப்பன் செய்த அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. "என் பிள்ளை யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை, அவன் ஏன் தலைகுனிய வேண்டும்?" என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்விதான். இதற்கு முற்போக்குத் தரப்பு பைபிளில் வரும் யூதத் தலைவர் நெகேமியாவைக் காட்டுகிறது. எருசலேம் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவர் அழுது, "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்று ஜெபிக்கிறார். அது இடிந்ததோ அவர் காலத்துக்கு நூறு வருடத்துக்கும் முன்னால். ஆனாலும் ஜெபத்தோடு நிற்காமல் போய் மதிலைக் கட்டினார். தண்டனை வேறு, பொறுப்பு வேறு. பிள்ளைக்குத் தண்டனை வேண்டாம், ஆனால் இடிந்து கிடப்பது ஏன் என்று அவனுக்குத் தெரியாமல் எதைத் திரும்பக் கட்டுவான்?

இதை நான் ஏதோ தத்துவமாகச் சொல்லவில்லை. நான் குடியிருக்கும் ஊரின் கதையைக் கேளுங்கள். 1912-இல் இந்தக் கவுன்டியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொல்லப்பட்டாள். சந்தேகத்தில் கைதான ராப் எட்வர்ட்ஸ் என்ற கருப்பினத்தவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கும்பல் கொன்றது. அப்புறம் இரவு நேரங்களில் வீடு வீடாகப் போய் மிரட்டினார்கள், கருப்பினத்தவரின் சர்ச்சுகளைக் கொளுத்தினார்கள். சுமார் 1,100 பேர், அதாவது இங்கிருந்த கருப்பினத்தவர் கிட்டத்தட்ட அத்தனை பேரும், ஊரைவிட்டே துரத்தப்பட்டார்கள். அதன் பிறகு எழுபது வருடத்துக்கும் மேலாக இது வெள்ளையர் மட்டுமே வாழும் கவுன்டியாகவே இருந்தது. 1987 ஜனவரியில் கருப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய ஒசியா வில்லியம்ஸ் தலைமையில் ஒரு சிறு ஊர்வலம் வந்தபோது கல்லெறிந்து விரட்டினார்கள். அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு வந்து நடந்தார்கள். இன்று இதே கவுன்டியில் ஆயிரக்கணக்கில் இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல பள்ளிக்கூடங்கள் என்று தேடி வந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

என் சண்டே ஸ்கூல் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் கையைத் தூக்கி, "அங்கிள், அவங்க நிலத்தையெல்லாம் யாரு எடுத்துக்கிட்டாங்க?" என்று கேட்டாள். வகுப்பில் யாரும் குற்ற உணர்வில் நொறுங்கவில்லை. அவள் கேட்டது, இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவின் கேள்வி. அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயு சொன்னதற்கு முன்னால் யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? உள்ளூர்ப் போதகர்கள் சிலர் சேர்ந்து, அன்று துரத்தப்பட்டவர்களின் வாரிசுகளுக்குக் கல்வி உதவித்தொகை தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் பழமைவாதச் சபைக்காரர்களும் உண்டு. உண்மை தெரிந்தால்தான் இப்படி ஒன்று நடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் ஜார்ஜியா, "பிளவுபடுத்தும் கருத்துகளை" (ஒருவர் தன் இனத்துக்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டும் என்பது போன்றவற்றை) வகுப்பில் கற்பிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. அடிமை முறையைப் பற்றிப் பாடம் எடுக்கவே கூடாது என்று அதில் இல்லை. ஆனால் எங்கள் சபையில் இருக்கும் ஓர் ஆசிரியை சொல்வது இதுதான்: எந்த வாக்கியத்துக்கு எந்தப் பெற்றோர் புகார் எழுதுவார் என்று தெரியாததால் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் பயம் வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. 2021-இல் டென்னசியில் ஒரு பெற்றோர் அமைப்பு, ரூபி பிரிட்ஜஸ் பற்றிய சிறுவர் புத்தகத்தின் மேலேயே புகார் கொடுத்தது. 1960-இல் ஆறு வயதில், கத்திக்கொண்டு நின்ற வெள்ளையர் கூட்டத்தின் நடுவே காவலர்களோடு அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த நியூ ஆர்லியன்ஸ் பள்ளி ஒன்றுக்குப் போன கருப்பினக் குழந்தை அவள். திட்டியவர்களுக்காக ஜெபம் செய்த குழந்தை. அவளுடைய கதையைக் கிறிஸ்தவப் பெற்றோர் பிள்ளைகளுக்கு விரும்பிச் சொல்ல வேண்டாமா?

சொல்லாமல் விட்டால் பிள்ளை களங்கமில்லாமல் வளரும் என்பதை நான் நம்பவில்லை. 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் கருப்பினத்தவரின் இம்மானுவேல் சர்ச்சில் வேதபாடக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்ற 21 வயது வெள்ளை இளைஞன், லூத்தரன் சபையைச் சேர்ந்தவன், திடப்படுத்தல் (விசுவாசத்தைச் சபைமுன் உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவன். இனத்தைப் பற்றி அவன் கற்றுக்கொண்டது இணையத்தில் கிடந்த வெறுப்பிலிருந்து. நாம் பேசாமல் விட்ட இடத்தில் வேறு யாரோ வந்து பேசியிருக்கிறார்கள்.

முற்போக்குச் சபைகள் மீதும் எனக்குக் குறை உண்டு. பல சபைகள் இன்றும் பெரும்பாலும் வெள்ளையர் சபைகளே. ஒரு தீர்மானம் போட்டு, வாசலில் ஒரு பலகை வைத்து, கூடிப் புத்தகம் படித்துக் கலைந்துவிடுகிறார்கள். உண்மையில் தோள்கொடுத்தவர்கள் கருப்பினச் சபைகள். 2023-இல் புளோரிடா மாநிலப் பாடத்திட்டம், அடிமைகள் கற்ற தொழில் சிலசமயம் அவர்களுக்கே பயன்பட்டது என்று எழுதியபோது, நூற்றுக்கணக்கான சபைகள் தாங்களே கருப்பின வரலாறு கற்பிக்க முன்வந்தன. அவற்றில் பல, மற்ற கோட்பாடுகளில் முற்போக்கு என்றே சொல்ல முடியாதவை.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று தலைமை ஆசிரியர் அறிமுகப்படுத்தியதாகப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். முதலில் அதிர்ந்து, பிறகு அது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டதாகவும் சொன்னார். நம் ஊர்ச் சபைகளில் சாதி பார்த்துத் தனி இருக்கை, தனிக் கல்லறை இருந்ததை எனக்குச் சண்டே ஸ்கூலில் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் இங்கே என் வகுப்பில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, ஏனென்றால் இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அரசுப் பள்ளியில் பைபிளை வைத்துப் பாடம் நடத்துங்கள் என்று இவர்கள் கேட்கவில்லை. பள்ளி நடந்ததை நடந்தபடி சொல்லட்டும், பாவ அறிக்கையும் ஈடுசெய்தலும் சபையின் வேலை, அதை நாங்கள் செய்கிறோம் என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. என்னுடையதும் அதுவே.