தொடக்கப் பள்ளி ஆண் ஆசிரியர்கள் எந்த நாட்டில் அதிகம்? எப்படி ஒப்பிடுவது?

வெறும் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடாதீர்கள். இந்தியா, சீனா போன்ற பெரிய நாடுகளே எப்போதும் முன்னே நிற்கும். நூற்றுக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். யுனெஸ்கோ கணக்குப்படி, உலகத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆண்கள். ரஷ்யாவில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். இத்தாலியில் ஐந்து பேர் அளவில். ஜப்பானில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலோ பெரும்பான்மையே ஆண்கள்தான். அதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. பெண்கள் படிப்பை முடிக்கவே வழியில்லாத இடத்தில் ஆசிரியைகள் எங்கிருந்து வருவார்கள்?

பலரும் கவனிக்காத ஒன்று, 'தொடக்கப் பள்ளி' என்பதன் எல்லை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அது 4 ஆண்டு, ஜப்பானில் 6 ஆண்டு. இந்தியாவில் 5ஆம் வகுப்போடு நிறுத்துகிறீர்களா, 8 வரை சேர்க்கிறீர்களா? மேல்வகுப்புகளில்தான் பொதுவாக ஆண்கள் அதிகம் என்பதால், எல்லை நகர்ந்தால் விகிதமும் நகரும். மழலையர் வகுப்பைச் சேர்த்தால் ஆண்களின் பங்கு இன்னும் சரியும்.

அரசின் கொள்கையையும் சேர்த்துப் பாருங்கள். 1987இல் இந்தியா தொடங்கிய கரும்பலகைத் திட்டம், ஓராசிரியர் பள்ளிகளுக்கு இரண்டாவது ஆசிரியரைத் தந்தது. இருவரில் ஒருவர் முடிந்தவரை பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய ஊர்களுக்கு அது மிகத் தேவையான முடிவு என்பேன்.

இங்கிலாந்துக் கணக்கைப் பார்த்தால் தலைமையாசிரியர்களைத் தனியே எடுங்கள். ஆசிரியர்களில் ஆண்களுக்குள்ள பங்கைவிட, தலைமைப் பதவியில் அவர்கள் பங்கு கூடுதல்.