நகராட்சி வாகனங்களுக்குப் புதிய பணிமனை கட்ட ஓர் இடம் ஏற்றதா என்று எப்படி முடிவு செய்வது?

உங்கள் ஊரில் குப்பை லாரிகளும் டிராக்டர்களும் ஜேசிபியும் நிற்க இடம் போதவில்லை, ஊருக்கு வெளியே வருவாய்த் துறை காட்டிய புறம்போக்கு ஒன்றைக் கேட்டு மன்றத்தில் தீர்மானம் வரப்போகிறது, அதற்குள் அந்த இடத்தைப் பற்றி நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நகராட்சிப் பொறியியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நகரமைப்பில் பட்டம் பெற்றவர்கள் இன்னும் நுணுக்கமாகச் சொல்லக்கூடும். ஆனால் இத்தகைய நிலத்தில் இறங்கி நின்று பார்த்தவன் என்ற உரிமையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிலம் விலையில்லாமல் கிடைக்கிறது என்பதை அதன் தகுதியாகக் கொள்ளாதீர்கள்.

தென் மாவட்டக் கரிசல் பூமியில் நான் பணியாற்றிய ஒரு நகராட்சிக்கும் இப்படித்தான் புறவழிச் சாலையை ஒட்டி, சீமைக்கருவேல் மண்டிய நிலம் ஒன்றைக் காட்டினார்கள். ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் சொல்லும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அது ‘அரசுத் தரிசு’ என்றே இருந்தது. சாலை முகப்பு இருந்தது, பரப்பும் தாராளம், ஆக்கிரமிப்பும் இல்லை. ஆனால் அந்த நிலத்துக்கு நேர் எதிரே சாலையின் அடியில் தண்ணீர் போக மூன்று கண் (திறப்பு) வைத்த பாலம் ஒன்று இருந்தது. நாங்கள் போனது கோடைக்காலம். பாலத்தின் அடியில் காய்ந்து வெடித்த மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. என்றாலும், தண்ணீரே வராத இடத்தில் எந்த நெடுஞ்சாலைப் பொறியாளரும் மூன்று கண் பாலம் கட்டமாட்டார். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டபோது, “இது கம்மாய்க்குத் தண்ணி வர்ற பாதை தம்பி. ஐப்பசி கார்த்திகையில வந்து பாருங்க, நீங்க நிக்கிற எடத்துல நெஞ்சளவு ஓடும்” என்றார்.

சர்வேயரை அழைத்துக்கொண்டு பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் (முந்தைய நிலவரித் திட்டத்தின்போது நிலங்களை வகைப்படுத்தி எழுதியது) கிராம வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தோம். அந்தப் புல எண்ணின் நடுவே ஓடை தெளிவாக வரையப்பட்டிருந்தது. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பணியின்போது பல ஊர்களில் வகைப்பாடுகள் தவறாகப் பதிவாகியிருக்கின்றன. இதுவும் அவற்றில் ஒன்று. இன்றைய பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு ‘ஆட்சேபணையற்ற புறம்போக்கு’, அதாவது வேறு பயனுக்குக் கொடுக்கத் தடையில்லாத நிலம், என்று எழுதிவிட்டால், நாளை நீதிமன்றத்தில் யாரேனும் பழைய வரைபடத்தைக் காட்டும்போது நகராட்சியால் பதில் சொல்ல முடியாது. பஞ்சாபின் ஒரு கிராமக் குளம் தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011-இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. கட்டியது அரசு அமைப்புதான் என்பதால் நீர்வழியை அடைத்தது சரியாகிவிடாது.

என் அறிக்கையைப் படித்தவர்கள், வளர்ச்சிப் பணிக்கு முட்டுக்கட்டை போடுகிறேன் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டை இன்றும் நான் ஏற்கவில்லை. பணிமனை வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. நகராட்சிக்கே சொந்தமான பழைய மாட்டுச் சந்தைத் திடல் ஊருக்குள்ளேயே சும்மா கிடக்கிறது என்று அதே அறிக்கையில் எழுதியிருந்தேன். பரப்பு குறைவு, சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், பக்கத்துத் தெருக்காரர்களைச் சமாதானப்படுத்த வேண்டும் என்ற தொல்லைகளெல்லாம் இருந்தும் கடைசியில் அங்கேதான் பணிமனை வந்தது. பின்னால் ஒரு பெருமழையில் அந்தத் தரிசு முழுவதும் நீர் பரந்து ஓடியதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை.

தூரத்தையும் பணமாகக் கணக்கிடுங்கள். முப்பது வண்டிகள் பணிமனைக்குப் போய்வர மட்டும் நாளொன்றுக்கு 8 கி.மீ. கூடுதலாக ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 87,600 கி.மீ. ஆகிறது, லிட்டருக்கு 4 கி.மீ. என்றாலும் 21,900 லிட்டர் டீசல். நிலம் இலவசம் என்று மகிழ்ந்தவர்கள் இந்தச் செலவை ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு வீடாகக் குப்பை வாங்கும் பேட்டரி வண்டிகள் இருந்தால் தொலைவு இன்னும் பெரிய சிக்கல். சார்ஜில் ஒரு பகுதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

நிலத்தின் மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். டிப்பர் லாரியின் தொட்டியைப் பழுதுபார்க்கத் தூக்கும் இடத்தில் உயர் அழுத்தக் கம்பி இருப்பது உயிரோடு விளையாடுவதாகும். குப்பையை அழுத்தி ஏற்றும் கம்பாக்டர் லாரி பின்னுக்கு வராமல் ஒரே வீச்சில் உள்ளே திரும்ப வாசலும் சாலையும் இடம் கொடுக்க வேண்டும். கரிசல் மண்ணாக இருந்தால் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் என்பதால், அந்த மண்ணை வெட்டி எடுத்துக் கிராவல் நிரப்பித்தான் தளம் போட வேண்டும்; அந்தச் செலவை மதிப்பீட்டில் சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அடுத்தது கழிவு எண்ணெய். வண்டியிலிருந்து வடிக்கும் பழைய ஆயில் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. அதைச் சேர்த்து வைத்து அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். எங்கள் பழைய கொட்டகையில் அப்படி எதுவும் இல்லை. மண் கறுத்து, மிதித்தால் செருப்பில் ஒட்டும் அளவுக்கு ஆயில் ஊறியிருந்தது; பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் பல நிறம் காட்டும் படலம் மிதந்தது. ஆகவே புதிய இடத்தைச் சுற்றி எங்கெங்கே கிணறும் ஆழ்துளைக் கிணறும் இருக்கின்றன, வண்டி கழுவும் நீர் எந்தப் பக்கம் சரிந்து ஓடும் என்று பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

கேள்வியில் நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நிலத்தின் அளவைத் தீர்மானிக்கும்போது வண்டிகளுக்கு இவ்வளவு, ஸ்டோருக்கு இவ்வளவு, அலுவலகத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிறவர்கள், விடியற்காலையில் வந்து வண்டி எடுக்கும் ஓட்டுநர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஓர் அடி இடம்கூட ஒதுக்குவதில்லை. நாள் முழுவதும் குப்பையோடு நின்ற பெண்கள் குளித்து உடை மாற்ற அறையில்லாமல் அதே உடையில் பேருந்தேறி வீட்டுக்குப் போவதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நிதி போதாது என்றால் மதிப்பீட்டில் முதலில் அடிபடுவது அவர்களுடைய கழிப்பறையும் ஓய்வறையும்தான். அவற்றுக்கு இடமில்லாத நிலம் வண்டிகளுக்குப் போதுமானதாக இருந்தாலும் போதாத நிலம் என்றே நான் எழுதுவேன்.

மன்றத்தில் தீர்மானம் வருவதற்கு முன், வட்டாட்சியர், நகராட்சிப் பொறியாளர், நீர்வளத் துறைப் பொறியாளர் மூவரும் சேர்ந்து கூட்டுப் புலத்தணிக்கை செய்ய வேண்டும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலைத் தரத் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். முடியுமானால் அந்த முப்பது நாட்களில் ஒரு மழைநாளாவது வரும்படி விண்ணப்பத்தைப் புரட்டாசிக் கடைசியில் போடுங்கள், மழை பெய்த மறுநாள் நேரில் போய்ப் படம் எடுத்து அதையும் மன்றத்துக்கு நீங்கள் தரும் ஆட்சேபணையோடு இணையுங்கள்.