காய்ச்சலோடு வார்டுக்குப் போகலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் போய்வரும் ஸ்டாஃப் நர்ஸ் நான். தனியார் மருத்துவமனையில், பச்சிளங்குழந்தை வார்டு. நேற்றிலிருந்து 101 டிகிரி காய்ச்சல், இருமல். லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள். கூட இருக்கும் பெண்ணுக்கு டபுள் டூட்டி விழும். பாரசிட்டமால் போட்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு போகலாமா?
– ஒரு வாசகி

பதில்: போகாதீர்கள், அதுவும் அந்த வார்டுக்கு. பாரசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், கிருமி அப்படியேதான் இருக்கும். ஃப்ளூ என்றால், காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்தே பரவும். தொடங்கியபின் 5 முதல் 7 நாள் வரை பரவும். முதல் மூன்று நாள்தான் மோசம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ தடுப்பூசியும் போட முடியாது. தொடங்கி 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து, ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஓசெல்டாமிவிர் வேண்டுமா என்று கேளுங்கள்.

எப்போது திரும்பலாம்? மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்கவேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். காலை ஆறுக்கு மாத்திரை, எட்டுக்குத் தெர்மாமீட்டர், 'நார்மல்' என்று கிளம்பிவிடுவார்கள். கடைசி மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதன்பிறகும் இருமல் மிச்சமிருந்தால் மாஸ்க் கட்டாயம். 7 நாள் முடியும்வரை வேறு வார்டு கேளுங்கள்.

மாஸ்க்கை நம்பி இப்போதே போகலாம் என்றால், டீ வந்ததும் டூட்டி ரூமில் அது தாடைக்கு இறங்கிவிடும். நாலு பேர் நெருக்கி உட்காரும் அறை அது. இருமி நனைந்த மாஸ்க்கை ஷிஃப்ட் முழுக்க மாற்றாதவர்களும் உண்டு.

வாந்திபேதி என்றால் கணக்கு வேறு: நின்றபிறகு 48 மணி நேரம். வாந்திபேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாக எடுபடாது, சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டவேண்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால், காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

சம்பள விஷயம். பே ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்து, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பிடித்தமும் ஆகியிருந்தால், நோய்க்காலத்துக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. மூன்றாம் நாளிலிருந்துதான் கணக்கு. சான்றிதழை உங்கள் பெயர் பதிந்த இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில், படுத்த அன்றே வாங்குங்கள்.

இன்சார்ஜுக்கு இன்றிரவே வாட்ஸ்அப்பில் 'எப்போதிலிருந்து, எத்தனை டிகிரி, இருமல் உண்டு' என்று எழுதி அனுப்புங்கள். விடியற்காலை போன் செய்தால் ஆள் மாற்ற நேரம் இருக்காது. அதிலேயே, கூட இருப்பவரின் அடுத்த ஞாயிறு டூட்டியை நீங்கள் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லிவிடுங்கள்.