புறவாசல் மருந்து: வாசகர் கேள்வி பதில்

இருமலுக்கு ஆடாதோடை மணப்பாகை கருப்பட்டி போட்டுக் காய்ச்சி வைக்கிறேன். பத்துப் பதினைந்து நாளில் மேலே பூஞ்சை படர்ந்து, மூடியைத் திறந்தாலே புளித்த வாடை அடிக்கிறது. கோளாறு இலையிலா, கருப்பட்டியிலா?
*வாசகி, கல்லிடைக்குறிச்சி*

இரண்டிலும் இல்லை, பதத்தில்தான். பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இனிப்பாக இருந்தால்தான் அது கெடாமல் நிற்கும். கால் லிட்டர் கஷாயத்துக்கு நூறு, நூற்றைம்பது கிராம் கருப்பட்டி போட்டு இறக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அன்றன்று குடிக்க அது போதும், பாட்டிலில் வைக்க ஆகாது. தண்ணீராக இருக்கும் இனிப்பில் பூஞ்சையும் புளிப்பும் தாராளமாக வளரும்.

முற்றின பச்சை இலை 250 கிராம் எடுங்கள். கொழுந்து வேண்டாம், பழுத்து மஞ்சளானதும் வேண்டாம். கழுவி, நறுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடாமல் சிறு தீயில் கால் லிட்டராக வற்ற விடுங்கள். மண்சட்டியோ எவர்சில்வரோ போதும், அலுமினியப் பாத்திரம் வேண்டாம். துணியில் வடித்துப் பிழிந்து, சூடாக இருக்கும்போதே அரைக் கிலோ கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரையுங்கள். கரைந்ததும் இன்னொரு முறை வடிகட்ட வேண்டும். பதநீர் இறக்கும்போது கலயத்தில் தடவிய சுண்ணாம்பும் மணலும் நல்ல உடன்குடிக் கருப்பட்டியிலும் கொஞ்சம் இருக்கும். அதன் பிறகு மறுபடி அடுப்பில் ஏற்றிக் கிளறுங்கள். ஒரு சொட்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்லப் பிரித்தால் ஒற்றைக் கம்பி அறுபடாமல் நீள வேண்டும். அந்த இடத்தில் இறக்குங்கள். பதம் தாண்டிவிட்டால் ஆறியதும் பாட்டிலுக்குள் இறுகிக்கொள்ளும். அப்படி ஆனால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு மீண்டும் சூடாக்கிக் கம்பிப் பதத்துக்குக் கொண்டுவரலாம்.

பூஞ்சை மேலே மட்டும் படர்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சூட்டோடு மூடி போடுகிறீர்கள் என்றும் தெரிகிறது. ஆவி மூடியின் உள்பக்கம் துளித்துளியாகக் கோத்து நின்று பாகின் மேல் சொட்டும். அடியில் பாகு கெட்டியாகவே இருக்க, மேல் படலம் மட்டும் நீர்த்துப்போய்ப் பூஞ்சை பிடிக்கும். முழுக்க ஆறும்வரை வாயில் மெல்லிய துணி கட்டி வையுங்கள். பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். கொதிநீரில் போட்டெடுத்து வெயிலில் ஈரம் போகக் காயவைத்த பிறகு ஊற்றுங்கள். எடுக்கிற கரண்டியிலும் ஈரம் கூடாது. பூஞ்சை பிடித்ததை மேலாக வழித்துவிட்டுக் குடிக்க வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு டீஸ்பூன், காலையும் இரவும் வெந்நீரில். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது. ஆடாதோடையில் உள்ள வாசிசின் கருப்பையைச் சுருங்கவைக்கும். கடையில் விற்கும் சளி இளக்கியான ப்ரோம்ஹெக்சின் அந்த வாசிசினை அடியொற்றி உருவாக்கப்பட்டதுதான், ஆகவே இலைதானே என்று லேசாக எண்ணிவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டியும் சீனியைப் போலத்தான் ஏறும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் மணப்பாகை நிறுத்திவிட்டு அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கு அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மானாவாரி நிலத்தில் கொஞ்சம் நிலாவாரை போட்டிருக்கிறோம். வீட்டுக்கென்று காயவைத்த இலை கறுத்துப்போகிறது. மலச்சிக்கலுக்கு எவ்வளவு எடுக்கலாம்? தினமும் குடிக்கலாமா?
*வாசகர், வள்ளியூர் வட்டாரம்*

உலகச் சந்தையில் நம் ஊர்ப் பெயரிலேயே 'டின்னவெல்லி சென்னா' என்று விலைபோகும் இலை இது. காயவைப்பதில்தான் அதன் தரம் நிற்கிறது. பறித்ததைக் குவித்து வைத்தாலோ, பனி படும்படி இரவில் வெளியே விட்டாலோ உள்ளே வெந்து கறுத்துவிடும். பூ விரியத் தொடங்கும் முன் பறியுங்கள். பறித்த அன்றே தார்சாவிலோ கொட்டகையிலோ ஓலைப்பாய் விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, நாளுக்கு மூன்று நான்கு முறை புரட்டிவிடுங்கள். வெயில் நேரடியாகப் பட வேண்டாம். ஒரு வாரம் பத்து நாளில் மஞ்சள் கலந்த பச்சையில், கையில் நொறுக்கினால் சடசடவென்று பொடியும் பக்குவத்துக்கு வரும். காம்பு வளைந்தால் இன்னும் காயவில்லை. கறுத்த இலையை வீட்டு மருந்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு 1 கிராம் பொடி, அதாவது ஏறக்குறைய அரை டீஸ்பூன். அதோடு ஒரு சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்தால் வயிற்றைப் பிசைவது குறையும். ஒரு டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, படுக்கப்போகும்போது குடியுங்கள். கொதிக்கவைக்க வேண்டாம். இந்த மருந்து இரைப்பையில் வேலை செய்வதில்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதை உடைத்த பிறகுதான் செயல்படும், அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இது தெரியாமல் இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு டம்ளர் குடிப்பவர்கள்தான் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள். ஒரு இரவுக்கு ஒரே முறைதான்.

தினமும் கூடாது. சேர்ந்தாற்போல் ஒரு வாரத்துக்கு மேல் போனால் உடம்பில் பொட்டாசியம் குறையும். இதயத்துக்கோ நீர் பிரியவோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வாரக்கணக்கில் மலச்சிக்கல் என்றால் கீரை, தண்ணீர், நடை இவற்றைச் சரிபார்த்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கீழாநெல்லி என்று நாங்கள் பறிப்பது கீழாநெல்லிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு எப்படிக் கொடுக்க வேண்டும்?
*வாசகர், ஆலங்குளம்*

ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைக்கு அடியில் வரிசையாகக் கடுகைவிடச் சற்றே பெரிய, வழவழப்பான பச்சைக் காய்கள் தொங்க வேண்டும். தண்டு சிவந்து காய் சொரசொரப்பாக இருந்தால் வேறு இனம். தண்டை ஒடித்தால் பால் வந்தால் அது அம்மான் பச்சரிசி வகை, வீசிவிடுங்கள். மழைக்காலத்தில் இவை மூன்றும் ஒரே வாய்க்கால் கரையில் சேர்ந்தே முளைக்கும். அதனால் கைநிறைய அள்ளாமல் ஒவ்வொரு செடியாகப் பறிக்க வேண்டும்.

காமாலைக்கு முதல் மருந்து ரத்தப் பரிசோதனை. கெட்ட தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். அதனால் எதைக் குடித்திருந்தாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். பித்தப்பைக் கல் அடைப்பு, எலி மருந்து, பி வகைக் கிருமி இவற்றுக்கு அப்படி இல்லை. பி வகைக்குக் கீழாநெல்லி உதவும் என்று 1988-இல் சென்னையில் நடந்த ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணம் தெரிந்த பிறகு கொடுக்க விரும்பினால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள். பத்தியம் என்று உப்பையும் சோற்றையும் நிறுத்தி நோயாளியைப் பட்டினி போடாதீர்கள். தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ரத்தக் கசிவு தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சுக்குப் பொடி வீட்டில் அரைத்தால் நார் நாராக வருகிறது. மணமும் இல்லை.
*வாசகி, செங்கோட்டை*

மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். வெள்ளையாக விற்பதில் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும், அதுவும் போய்விடும். ஒரு வெயில் காயவைத்து, உரலில் தட்டி உடைத்த பிறகு மிக்ஸியில் போடுங்கள். இருபது நொடிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள், ஜார் சூடானால் மணம் பறந்துவிடும். சலித்து நாரைத் தள்ளுங்கள். சுக்குக்காப்பிக்கு சுக்கு 100 கிராம், மல்லி 100, மிளகு 15, ஏலம் 5. ஒரு மாதத்துக்கு மேல் அரைத்து வைக்காதீர்கள்.

பேரனுக்கு மூன்று மாதம். வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்து நாக்கில் தடவ வேண்டும் என்று வீட்டில் ஆச்சி சொல்கிறார்கள். மகள் வேண்டாம் என்கிறாள். யார் சொல்வது சரி?
*வாசகி, திசையன்விளை*

மகள் சொல்வதுதான் சரி. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், மருத்துவர் தரும் மருந்தைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்க வைக்கும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளும் பாதுகாப்பானது அல்ல. சுட்டுக் கரியாக்கினால் முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. கையில் வசம்பு மணி கட்டுவதும் வேண்டாம், குழந்தை கையை வாயில் வைக்கிற வயது இது. வயிறு உப்பி அழுதால் பால் கொடுத்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். காய்ச்சல், பச்சை வாந்தி, பால் குடிக்காமை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஆச்சியிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் தலைமுறையில் மருந்தென்று கையில் இருந்தது இதுதான். வீட்டில் இருக்கும் வசம்பை வீணாக்க வேண்டாம். ஒன்றிரண்டு துண்டைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் போட்டால் வண்டு அண்டாது. சமைக்குமுன் சுளவில் புடைத்து, நன்றாகக் களைந்துவிட வேண்டும்.

வீட்டைச் சுற்றி இரண்டு சென்ட் இடம் இருக்கிறது. ஆடு வந்து எல்லாவற்றையும் மேய்கிறது. எந்த மூலிகையை எங்கே வைக்கலாம்?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

வேலிக்கு ஆடாதோடையும் நொச்சியும். இரண்டையும் ஆடு தொடாது. பென்சில் தடிமனுக்கு முற்றின குச்சியை ஒரு சாண் வெட்டி, பாதி மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள், ஒன்றரை அடிக்கு ஒன்று. தூதுவளையை அந்த வேலிமேல் ஏற்றிவிடலாம், முள் அதைக் காக்கும். கற்பூரவள்ளி தொட்டியில், அரை நிழலில். சோற்றுக்கற்றாழையை மேடான இடத்தில் மணல் கலந்து வையுங்கள். அதன் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் கடுமையாகப் பேதியாக்கும். நிமிர்த்தி வைத்து அது வடிந்த பிறகு, சோற்றை ஏழெட்டுத் தண்ணீரில் அலசித்தான் பயன்படுத்த வேண்டும். வல்லாரையைக் குளியலறைத் தண்ணீர் ஓடும் இடத்தில் வைப்பது பலர் வழக்கம். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்குச் சோப்புத் தண்ணீரும் சாக்கடைக் கிருமியும் ஆகாது, கிணற்றடியில் வையுங்கள்.

அரளி, மஞ்சள் அரளி இரண்டும் மருந்து வேலியோடு கலந்து நிற்கக் கூடாது. அவற்றின் இலை, விதை, பட்டை எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. காய்ந்து நொறுங்கிய இலைகளில் நொச்சி எது, அரளி எது என்று பிரிக்க முடியாது. பூசைக்கு வேண்டுமென்றால் வாசல் பக்கம் தனியாக வளருங்கள். விழுந்த காயைப் பிள்ளைகள் எடுக்காதபடி பெருக்கிவிடுங்கள். குச்சி ஊன்ற ஐப்பசி முதல் மழை சரியான நேரம், தை பிறப்பதற்குள் வேர் பிடித்துவிடும். முதல் இலையைச் செடி இடுப்பளவு வளர்ந்த பிறகு பறியுங்கள்.