மாரி மூடினாலும் வெள்ளி (நட்சத்திரம்) பாக்கலாம்: விண்வெளி டெலஸ்கோப் டேட்டா பற்றிக் கேள்வி பதில்

கல்லடியில நாலு நாளா வானமே தெரியல்ல, மாரி தொடங்கிட்டு, அதான் இண்டைக்குக் கேள்வி கேக்கச் சொன்னன். முன்னுக்கே சொல்லிப்போடுறன், நான் கம்பசில வானியல் படிச்ச ஆள் இல்ல. பகல்ல சொப்ட்வெயார் வேலை, இரவில ஏழு வருசமா கெப்லர், டெஸ் எண்ட ரெண்டு நாசா விண்வெளி டெலஸ்கோப்பின்ர டேட்டாவையும் கிண்டுறன், ரெண்டும் மத்த வெள்ளிகளைச் சுத்துற கிரகம் தேடப் போனது. அது தெரியும், மத்ததெல்லாம் அரைகுறை.

ஏறாவூர், ஏ.எல் படிக்கிற தங்கச்சி: நாசாட டேட்டாவ நாங்களும் எடுக்கலாமா அண்ணா, காசு கட்டணுமா? என்னட்ட பழைய லெப்டொப்தான் இருக்கு.

காசும் இல்ல, ஆரிட்டயும் கேக்கவும் தேவல்ல. அமெரிக்காவில பால்டிமோர்ல மாஸ்ட் எண்டு ஒரு களஞ்சியம், ஹபிள், கெப்லர், டெஸ், ஜேம்ஸ் வெப் எல்லாத்தின்ர டேட்டாவும் அங்கதான் கிடக்கு. ஜேம்ஸ் வெப்பில ஆருக்கு நேரம் கிடைச்சதோ அவங்களுக்கு வழமையா ஒரு வருசம் தனி உரிமை, மறுகா எல்லாருக்கும் திறந்திரும். டெஸ்சுக்கு அந்த ஒரு வருசமும் இல்ல, ஹார்வட்காரருக்குக் கிடைக்கிற அண்டைக்கே ஏறாவூர்காரருக்கும் கிடைக்கும்.

டெஸ் 2018 ஏப்ரல்ல மேல போனது. நாலு கமரா, வானத்தில ஒரு நீட்டுத் துண்டை 27 நாள் அளவில பாத்துக்கொண்டே இருக்கும், பிறகு அடுத்த துண்டு. தெரிஞ்செடுத்த வெள்ளிகளுக்கு 2 நிமிசத்துக்கு ஒருக்கா வெளிச்சத்தை அளந்து வைக்கும். ஒரு வெள்ளிக்கு அந்த 27 நாள் ஃபைல் ரெண்டு எம்பி அளவுதான் வரும், மாமி அனுப்புற குட்மோர்னிங் வீடியோவ விடச் சின்னன். பழைய லெப்டொப் தாராளம், அதுவும் ஏலாட்டி கூகிள் கொலாபில (இணையத்திலயே புரோகிராம் ஓட்ட கூகிள் தாற இடம்) கைப்போனாலயே செய்யலாம். பைத்தன் எண்ட புரோகிராமிங் மொழியில லைட்கேர்வ் எண்டொரு லைப்ரரி இருக்கு, நாலஞ்சு வரிதான் எழுதணும். முதல்ல வாஸ்ப்-18 எண்ட வெள்ளிய எடுங்க, அதைச் சுத்துற கிரகம் வியாழனப்போல 10 மடங்கு நிறை, ஆனா ஒரு சுத்துச் சுத்த 23 மணித்தியாலம் கூட எடுக்காது, வரைபடத்தைக் கீறினா சீப்புப் பல்லு மாதிரி பள்ளம் பள்ளமா வரும், கிரகம் வெள்ளிக்குக் குறுக்க போற ஒவ்வொரு தரமும் ஒரு பள்ளம், அதில வெளிச்சம் நூத்துக்கு ஒரு பங்கு குறையும். அதை முதல் தரம் பாத்த அண்டு நான் நித்திரை கொள்ளல்ல.

ஒண்டு மட்டும்: பள்ளத்தைக் கண்டு துள்ளாதீங்க, பிக்சலைத் திறந்து பாருங்க. இதை இண்டைக்கு இன்னும் கனக்கத் தரம் சொல்லுவன்.

களுவாஞ்சிக்குடி அண்ணன்: 50 ஆயிரத்துக்குள்ள நல்ல டெலஸ்கோப் என்ன?

வாங்காதீங்க அண்ணன். முதல்ல ஒரு பைனாகுலர்.

சம்மாந்துறை, வயல் செய்யிற நானா: பூமி மாதிரிக் கிரகம் ஏன் லேசில புடிபடுதில்ல?

நானா, உங்கட கணக்கிலயே சொல்றன். தூரத்தில இருந்து ஒருத்தன் நம்மட சூரியனைப் பாக்கிறான், பூமி குறுக்க போகுது எண்டு வைங்க. 10 லட்சத்தில 84 பங்கு வெளிச்சம்தான் குறையும். ரெண்டரைக் கிலோ நெல்லில கிட்டத்தட்ட ஒரு லட்சம் மணி இருக்கும், அதில எட்டு மணிய எடுத்திட்டு மிச்சத்தை உங்கட கையில தந்து, என்ன குறையுது எண்டு கேக்கிற மாதிரி. அதுவும் வருசத்துக்கு ஒருக்காத்தான் குறையும், மூண்டு தரம் கண்டாத்தான் நம்பலாம், அப்ப மூண்டு வருசம் கண் வெட்டாமப் பாக்கணும். 2009ல போன கெப்லர் அதுக்காகத்தான் ஒரே இடத்தை நாலு வருசம் பாத்துக்கொண்டு இருந்தது. 2013ல திசை புடிக்கிற சக்கரம் ரெண்டாவதும் பழுதாக, அந்த வேலை அவடத்தயே நிண்டு போச்சு. மறுகா சூரிய வெளிச்சம் தள்ளுற தள்ளலையே ஊண்டுகோலா வெச்சு கே2 எண்ட பேரில வேற இடங்களைப் பாக்க வெச்சாங்க. எரிபொருள் முடிஞ்சு 2018ல ஓய்ஞ்சது. அதிட டேட்டாவில இருந்து உறுதியான கிரகம் 2600க்கு மேல.

பேர் சொல்லாத ஒருத்தர்: சனிமாற்றம் எனக்கு எப்படி?

சாத்திரியாரிட்டக் கேளுங்க. என்ர ஏரியா இல்ல.

காத்தான்குடியில இருந்து ஒருத்தர்: ஜேம்ஸ் வெப் படத்தில உள்ள கலரெல்லாம் பொய்யாமே?

பொய் இல்ல, மொழிபெயர்ப்பு. அது பாக்கிறது அகச்சிவப்பு, நம்மட கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு ஃபில்டரிலயும் வாறது கறுப்பு வெள்ளைப் படம், அதில நீளமான அலைக்குச் சிவப்பு, கட்டையான அலைக்கு நீலம் எண்டு ஒழுங்கு மாறாமக் குடுக்கிறாங்க. ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் அந்தக் கலர்ப் படத்தைத் தொடுறதே இல்ல, இலக்கத்தைத்தான் பாப்பாங்க.

திருக்கோயில் அண்ணன்: இலங்கை ஒரு வெள்ளிக்குப் பேர் வெச்சதாமே, தமிழ்ப் பேரா?

இல்ல. 2019ல சர்வதேச வானியல் ஒன்றியம் நாட்டுக்கொரு வெள்ளி குடுத்துது, நமக்கு வந்தது எச்டி 205739. வெள்ளிக்கு சாமய, கிரகத்துக்கு சமகிய. சிங்களத்தில சமாதானம், ஒற்றுமை. தெற்கு மீன் எண்ட வெள்ளிக் கூட்டத்தில நிக்குது, வெறும் கண்ணுக்குத் தெரியாது.

(இதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். அடுத்த முக்கால் மணித்தியாலம் இதேதான்.)

திருக்கோயில் அண்ணன்: ஒற்றுமை எண்டு பேர், அதையும் ஒரு மொழியில மட்டும். நல்லாருக்கு.

வாழைச்சேனை டீச்சர்: "சமாதானம்" மட்டும் தமிழா? அதுவும் வடமொழிதானே.

திருக்கோயில் அண்ணன்: அப்ப அமைதி எண்டு வெச்சிருக்கலாமே டீச்சர்.

அக்கரைப்பற்றுத் தம்பி: மீன் கூட்டத்துக்குள்ள நிக்கிற வெள்ளிக்கு மட்டக்களப்பாரிட்டக் கேக்காம எப்பிடிப் பேர் வெப்பாங்க?

தம்பிட கேள்விதான் நியாயம். எனக்கும் குறை இருக்கு அண்ணன், மறைக்கல்ல. ஆனா ஒண்டு பாருங்க. 2022ல திரும்பப் பேர் வைக்க விட்டாங்க, இந்தத் தரம் ஜேம்ஸ் வெப் பாக்கிறதுக்கெண்டு இருந்த 20 வெள்ளிகள். குழுவாச் சேந்து, ஊர்ல வானியல் நிகழ்ச்சி ஒண்டு செய்து, பேரோட விளக்கமும் எழுதி அனுப்பணும். கென்யாவில ஒரு குழு மசாய் ஆக்களிட மா மொழியில அனுப்பி ஜிஜே 1214பி எண்ட கிரகத்துக்கு எனைபோஷா எண்டு வெச்சிட்டாங்க, பெரிய நீர்நிலை எண்டு அர்த்தம். நம்மட வாவிக்குப் பக்கத்தில இருந்துகொண்டு நாம அந்த நேரம் என்ன செய்தம்? அடுத்த தரம் வந்தா டீச்சர் எழுதட்டும், அண்ணன் ஆக்களைச் சேக்கட்டும். இனி இதுக்குப் பதில் இல்ல.

ஓட்டமாவடித் தம்பி: டெலஸ்கோப் ஒண்டு வாங்கணும் சேர், எது நல்லம்?

மேல பாருங்க.

செங்கலடி மாணவன்: கே2-18பியில உயிர் கண்டுபிடிச்சிட்டாங்களாமே?

இல்ல. 124 ஒளியாண்டு தூரத்தில இருக்கிற கிரகம். மீதேனும் கரியமில வாயுவும் கண்டது 2023ல. 2025 ஏப்ரல்ல கேம்பிரிஜ் குழு டைமெதில் சல்பைட் மாதிரி ஒண்டு தெரியுது எண்டாங்க, பூமியில அது கடல்ல உள்ள நுண்ணுயிர்களால வாறது, அதான் சத்தம். ஆனா அது மூண்டு சிக்மா (எவ்வளவு உறுதி எண்டதை அளக்கிற அளவு), கண்டுபிடிப்பு எண்டு சொல்ல அஞ்சு வேணும். மத்தக் குழுக்கள் அதே டேட்டாவ எடுத்துப் பாத்து உறுதியா ஒண்டும் தெரியல்ல எண்டிட்டாங்க. யூடியூப் தலைப்பை நம்பாதீங்க.

கல்முனையில இருந்து ஒரு தங்கச்சி: நீங்க ஏதும் கண்டுபிடிச்சீங்களா அண்ணா?

கண்டுபிடிச்சு ஏமாந்திருக்கன். 2020, ஊரெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். ஒரு வெள்ளியில மூண்டு நாளுக்கு ஒருக்கா வடிவான பள்ளம், ஆரும் சொல்லாத கிரகம் எண்டு நினைச்சு வீட்டில சொல்லி, அம்மா புக்கை பொங்கி, பக்கத்து வீட்டுக்கும் குடுத்தாச்சு. பிறகுதான் பிக்சலைத் திறந்தன். டெஸ்சிட ஒரு பிக்சல் 21 ஆர்க்செக்கன், முழு நிலவுக்குக் குறுக்கால 90 பிக்சல் அளவுதான் போடலாம், அப்ப ஒரு பிக்சலுக்குள்ளயே நாலஞ்சு வெள்ளி நெருங்கி நிக்கும். கையா எண்ட விண்கலம் அளந்த வெள்ளிப் பட்டியலப் பாத்தா பக்கத்தில மங்கலா ஒண்டு, அதுதான் ஒண்டையொண்டு மறைக்கிற ரெட்டை வெள்ளி. என்ர வெள்ளி சும்மா நிண்டிருக்கு, அதிட பள்ளம் இதில விழுந்திருக்கு. ஒற்றை எண்ணில வாற பள்ளமும் (1, 3, 5) இரட்டை எண்ணில வாற பள்ளமும் (2, 4, 6) ஒரே ஆழமா எண்டு பாத்திருந்தாலே புடிச்சிருக்கலாம். புக்கைய திருப்பி வாங்க ஏலாதே. அதான் சொல்றன், பிக்சல், பிக்சல், பிக்சல்.

மட்டக்களப்பு டவுனில இருந்து ஒரு அப்பா: மகனுக்குப் பத்து வயது, டெலஸ்கோப்

பைனாகுலர்!

ஏறாவூர்த் தங்கச்சி, திரும்பவும்: அண்ணா, வாஸ்ப்-18 வந்திட்டு, சீப்பு மாதிரியே இருக்கு! வேற ஒரு வெள்ளியும் எடுத்தன், நடுவில டேட்டா இல்லாத வெட்டுக்குப் பக்கத்தில பெரிய பள்ளம் ஒண்டு. கிரகமா?

கெட்டிக்காரி, இவ்வளவு சுறுக்கா செய்திட்டீங்க. அந்த வெட்டு ஏன் எண்டா டெஸ் 13.7 நாளுக்கு ஒருக்கா பூமிக்குக் கிட்ட வரும், அந்த நேரம் டேட்டாவக் கீழ அனுப்பும். கிட்ட வரக்குள்ள பூமிட வெளிச்சம் கமராக்குள்ள சிந்தும், அதைக் கழிக்கப் போய் எல்லுப்போல கூடக் கழிச்சா பள்ளம் மாதிரித் தெரியும். பக்கத்தில உள்ள இன்னொரு வெள்ளிய, அதே நாளுக்கு எடுத்துப் பாருங்க.

ஏறாவூர்த் தங்கச்சி: அங்கயும் அதே இடத்தில இருக்கு அண்ணா.

அப்ப அது நம்மட பூமிதான். விட்டுப்போட்டு அடுத்த வெள்ளிய எடுங்க, நான் சாப்பிட்டு வாறன்.